நாலு லீற்றர் பெற்றோலும் நயினாதீவுப் பயணமும்

எண்ணெய் விலை ஏறும்போது சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதும், விலை சற்று இறங்கியதும் அப்பேச்சை மறந்துவிடுவதும் மக்கள் இயல்பு. ஆயினும் யாழ்ப்பாணத்தவர்க்கு அந்த மறதி எளிதில் வாய்ப்பதில்லை. ஒரே தலைமுறைக்குள் இருமுறை பெற்றோலின் அருமையை அவர்கள் உணர நேர்ந்தது. முதல்முறை யுத்தத்தினால், இரண்டாம் முறை நாட்டின் கருவூலம் வெறுமையானதனால்.

விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இளைஞர் பலர் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் வருகின்றனர். கண்டியிலிருந்து ஏ-9 வீதி வழியே இங்கு வர ஏறக்குறைய 320 கிலோமீற்றர். வந்தவர்கள் நகருடன் நின்றுவிடுவதில்லை. பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை என்று தீவகம் முழுவதையும் பார்த்துவிட எண்ணுகின்றனர். அவர்களுக்கும், நாள்தோறும் அதே வழியில் தொழிலுக்குச் சென்றுவரும் ஆசிரியர், தாதியர், அலுவலர் முதலியோர்க்கும் பயன்படுமென்று கருதிச் சில செய்திகளை இங்கே எழுதுகிறோம். பெற்றோலை மிச்சப்படுத்துவது பணப்பையை மட்டும் பொறுத்த காரியமன்று. தீவகத்தில் அது வீடு திரும்புவதைப் பொறுத்த காரியமுமாகும்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. அதனைத் தொடர்ந்து விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அக்காலத்தை அறியாத மாணவர்கள் தங்கள் பெற்றோரையோ பேரன் பேர்த்தியரையோ கேட்டுப் பார்க்கலாம். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெய் ஊற்றி, அந்த மங்கிய வெளிச்சத்திலே பரீட்சைக்குப் படித்தவர்கள் அவர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். நோயாளியையும் விறகையும் ஒருங்கே சுமந்த வாகனம் அக்காலத்தில் சைக்கிளே.

அந்நாளில் மோட்டார் சைக்கிள்கள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். பின்னால் வெண்புகை எழும், கண் எரியும், ஆயினும் வண்டி போகும். ஜப்பானியத் தபாற்காரர்க்காக ஹொண்டா அமைத்த எம்.டி. 90 வண்டி அக்காலத்தில் யாழ்ப்பாண வீதிகளில் பெரும்பெயர் பெற்றது.

அது மக்களின் சாதுரியத்துக்குச் சான்று. இன்று பின்பற்றத்தக்க முறை அதுவன்று. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பகுதி சிலிண்டரின் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதன் வழவழப்பைக் கெடுக்கும். பிளக்கில் கரி படியும். எஞ்சினுள் தட்டும் ஓசை எழும். பத்து ரூபாவை மிச்சம் பிடித்து எஞ்சினை இழப்பது சிக்கனமாகாது. வேறு வழியில்லாதவர் செய்ததை, வழியுள்ளவர் செய்ய வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு சுவையான வரலாற்றுச் செய்தியையும் கூறலாம். அந்த ஹொண்டா வண்டிகளின் பிறப்பே ஓர் எண்ணெய்ப் பஞ்சத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் 1946ஆம் ஆண்டில், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தரப் பயன்பட்ட சிறு எஞ்சின்களைச் சொயிச்சிரோ ஹொண்டா என்பவர் சைக்கிள்களிலே பொருத்தினார். பெற்றோல் கிடைப்பது அரிதாகையால், பைன் மரத்திலிருந்து பெறப்பட்ட எண்ணெயை அதனுடன் கலந்தே அவை ஓட்டப்பட்டன. குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் போகவேண்டும் என்ற அந்தத் தேவையே, 1958இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய சுப்பர் கப் என்னும் சிறு வண்டிக்கு வழிகாட்டியது எனலாம்.

பஞ்சம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் மறத்தலாகாது. பிரித்தானியாவில் 1939இல் தொடங்கிய பெற்றோல் பங்கீடு 1950ஆம் ஆண்டு மே மாதம்வரை நீடித்தது. சுயெஸ் கால்வாய் நெருக்கடியின்போது 1956 டிசம்பரில் அது மீண்டும் வந்து, அடுத்த ஆண்டு மே மாதத்தில் நீங்கியது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேற்பட்ட வேகத்தைத் தடை செய்யும் சட்டம் 1974 ஜனவரியில் கையொப்பமாயிற்று. எண்ணெயை மிச்சப்படுத்த வேண்டுமாயின் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பதை அரசாங்கமே சட்டமாக்கியது.

ஓர் ஆசிரியரின் வாரக் கணக்கு

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்நியச் செலாவணி தீர்ந்துபோனமையால் இலங்கை முழுவதிலும் எரிபொருள் நிரப்பு நிலையங்களின்முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோலின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலையும் ஏற்பட்டது. கடற்றொழிலாளர் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகளைக் கரையில் கட்டிவைத்தனர். ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி முறை அறிமுகமாகி, கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டது. பின்னர் அளவு உயர்த்தப்பட்டு, 2023 செப்ரெம்பரில் அப்பங்கீடு நிறுத்தப்பட்டது.

அந்த நாலு லீற்றரை வைத்து மாணவர்கள் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். யாழ் நகரிலிருந்து புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ஓர் ஆசிரியர் வாரத்தில் ஐந்து நாள் அவ்வளவு தூரம் சென்று திரும்புவாராயின் மொத்தம் 300 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டியானால் அவருக்கு ஆறு லீற்றர் வேண்டும். கையில் உள்ளதோ நாலு. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் குறையின்றிக் கழியும். வியாழன் காலையில், பாடசாலைக்கு இன்னும் 10 கிலோமீற்றர் இருக்கும்போது வண்டி நின்றுவிடும்.

அவரே நிதானமாக ஓட்டி, வண்டியையும் செம்மையாக வைத்து, லீற்றருக்கு 60 கிலோமீற்றர் பெறுவாராயின் 240 கிலோமீற்றர் போகலாம். வியாழன் மாலை வீடு வந்து சேர்ந்துவிடுவார். எஞ்சுவது வெள்ளிக்கிழமை ஒன்றே. அதற்கும் வழியுண்டு. ஒரே பாடசாலைக்குச் செல்லும் இருவர் ஒரே வண்டியில் மாறி மாறிப் போனால், இருவரின் பங்கும் சேர்ந்து எட்டு லீற்றர். பின்னால் ஒருவர் இருப்பதனால் சிறிது கூடுதலாகச் செலவானாலும், வாரம் முடிந்தபின்னும் எண்ணெய் மிஞ்சும். ஓட்டும் முறையினால் ஒரு நாளையும், ஒற்றுமையினால் ஒரு நாளையும் மீட்டுவிடலாம் என்பதே இக்கணக்கின் பயன்.

காற்றோடு கணக்கு

தீவகப் பாதைக்கென்று ஒரு சிறப்பு உண்டு. அங்கே மலையில்லை, ஏற்ற இறக்கமில்லை. ஆயினும் மலைக்கு நிகரான ஒன்று உண்டு. அதுதான் காற்று. பண்ணையைத் தாண்டியதும் இருமருங்கும் கடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை எனக் கடந்து வாணர் பாலத்தில் ஏறினால் மீண்டும் இருபுறமும் கடல். மரமோ மதிலோ காற்றைத் தடுப்பதில்லை. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும் மாதங்களில், குறிகட்டுவானை நோக்கிப் போகிறவர் பெரும்பாலும் அதற்கு முகங்கொடுத்தே ஓட்டவேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.

“போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாமே, கணக்குச் சரியாகிவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். சரியாகாது. காரணம் யாதெனில், காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். காற்றில்லாத நாளில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போவோமாயின், 50ஐ 50ஆல் பெருக்கி அத்தடையை 2500 என்று கொள்வோம். போகவரத் தடையின் கூட்டு 5000. அதே வேகத்தில் போகும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று நேர் எதிரே வீசினால், நம் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 80, தடை 6400. திரும்பும்போது 50இல் 30 போக 20. தடை 400 மட்டுமே. இரண்டின் கூட்டு 6800. காற்றில்லாத நாளைவிட இது மூன்றிலொரு பங்குக்கு மேல் அதிகம். காற்று வாங்கிய கடனை முழுவதும் திருப்பித் தருவதில்லை.

ஆனால் அறிவுள்ளவர் அக்கடனைக் குறைத்துக்கொள்ளலாம். எதிர்க்காற்றில் 50க்குப் பதிலாக 35இல் செல்வோமானால் மோதும் வேகம் 65, தடை 4225. திரும்பும்போது வழக்கம்போல் 50இல் வந்தால் 400. கூட்டு 4625. காற்றில்லாத நாளில் 50இல் போய்வருவதிலும் இது குறைவு. இதற்கு நாம் கொடுக்கும் விலை கால் மணி நேரம் மட்டுமே. முப்பது கிலோமீற்றருக்கு 36 நிமிடத்துக்குப் பதிலாக 51 நிமிடம் ஆகும். எனவே சோளகக் காலத்தில் படகைப் பிடிக்க வேண்டியவர் கால் மணி நேரம் முன்னதாக வீட்டைவிட்டுப் புறப்படுவதே தலைசிறந்த எண்ணெய்ச் சிக்கனம். பிந்திப் புறப்பட்டவரே காற்றோடு மல்லுக்கட்டுகிறார்.

காற்றில் படபடக்கும் மழைச்சட்டை, இருபுறமும் அகன்று நிற்கும் பொதி ஆகியனவும் தடையை வளர்ப்பன. பொதியைப் பின்புறத்தில் ஒடுக்கமாகவும் தாழ்வாகவும் கட்டுதல் நன்று. பஸ் வண்டிக்குப் பின்னால் ஒட்டிச்சென்று காற்றைத் தப்பிக்கலாம் என்று சில இளைஞர் எண்ணுகின்றனர். முன்னே செல்வது திடீரென நின்றால் மிஞ்சுவது எண்ணெய் மட்டுமே, ஆள் மிஞ்சமாட்டார். அந்த மிச்சம் நமக்கு வேண்டாம்.

வலக்கையின் பழக்கம்

பெற்றோல் செலவை ஆளுவது பெரும்பாலும் ஓட்டுபவரின் வலக்கையே. அக்சிலேற்றரை வெடுக்கென முறுக்குவதும், பின் பிரேக்கை இறுக அழுத்துவதும் எண்ணெயை வீதியில் ஊற்றுவதற்கு ஒப்பாகும். வண்டியும் ஆளுமாக 180 கிலோகிராம் நிறையென்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் அந்த நிறையை முற்றாக நிறுத்தி, மீண்டும் அதே வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டு மில்லிலீற்றர் பெற்றோல் வேண்டும். எஞ்சினில் எரியும் எண்ணெயில் நாலிலொரு பங்கு அளவே ஓட்டத்துக்குப் பயன்பட்டு, எஞ்சியது வெப்பமாகக் கழிந்துவிடுவதையும் சேர்த்தே இதனைக் கூறினோம். இரண்டு மில்லிலீற்றர் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவுதான். ஆனால் நூறு முறை வீணாக நிறுத்தினால் 200 மில்லிலீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 10 கிலோமீற்றர் வழி! முன்னே மாடு நிற்பதைத் தொலைவிலேயே கண்டு பிடியைத் தளர்த்துபவருக்கும், மாட்டின் அருகே சென்று பிரேக் பிடிப்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எஞ்சின் திணறாத அளவில் உயர்ந்த கியரில் ஓட்டுதல், காலையில் சோக் இழுத்து இயக்கியபின் மறவாமல் அதனை மூடுதல், நெடுநேரம் நிற்கவேண்டிய இடத்தில் எஞ்சினை அணைத்தல் ஆகியன யாவரும் கைக்கொள்ளத்தக்கவை. ஓடும் வண்டியை நியூட்ரலில் விட்டு எஞ்சினை அணைத்து உருளவிடும் வழக்கத்தை மட்டும் கைவிடவேண்டும். மாத்தளைப் பக்கத்து இறக்கங்களில் அது உயிராபத்து. மேலும், இக்காலத்து எரிபொருள் உட்செலுத்தும் முறை கொண்ட வண்டிகளில், கியரில் வைத்தபடி பிடியை மூடினாலே பெற்றோல் பாய்வது தானாக நின்றுவிடும்.

வண்டியின் உடல்நலம்

உப்புக்காற்று இரும்புக்குப் பகை. கடற்பாலங்களில் அடிக்கடி செல்லும் வண்டியின் செயின் விரைவில் துருப்பிடித்து இறுகும். வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இலகுவாகச் சில சுற்றுச் சுழலாமல் உடனே நின்றால், பிரேக் உராய்கிறது அல்லது செயின் இறுகியிருக்கிறது என்பது பொருள். அந்த உராய்வை வெல்லவும் பெற்றோலே எரிகிறது. பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, உலர்ந்தபின் செயினுக்கு எண்ணெய் இடவேண்டும்.

ரயரில் காற்றுக் குறைந்தால் அது சப்பி, உருளுவதற்குக் கூடுதல் வலு கேட்கும். வண்டிக் கையேட்டில் குறித்த அளவே சரியான அளவு. பின்னால் ஆள் இருக்கும்போது அதற்கெனக் குறித்த அளவைப் பார்த்து நிரப்பவேண்டும். கார்புரேற்றர் வண்டிகளில் காற்று வடிகட்டி அழுக்கடைந்தால், காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்த கலவை உள்ளே செல்லும். தூசி மிகுந்த வழியில் செல்பவர் இதனை அடிக்கடி பார்க்கவேண்டும். 92 ஒக்டேனுக்கு அமைந்த எஞ்சினில் 95 ஒக்டேன் ஊற்றினால் கூடுதல் தூரம் போகலாம் என்பது தவறான எண்ணம். பெற்றோலில் போடும் மாத்திரை, குழாயில் கட்டும் காந்தம் ஆகியவற்றை விற்பவருக்கு இலாபம் உண்டு; வாங்குபவருக்கு இல்லை.

இவை யாவும் பலன் தருகின்றனவா என்பதை அறிய ஒரு சிறு குறிப்புப் புத்தகம் போதும். தாங்கியைக் குறித்த மட்டம்வரை நிரப்பி, தூரமானியின் எண்ணை எழுதுங்கள். சில நாள் ஓடியபின் மீண்டும் அதே மட்டம்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இப்போது ஊற்றிய லீற்றரால் வகுத்தால் விடை கிடைக்கும். மாதந்தோறும் இதனைச் செய்பவருக்கு வண்டியின் நோய் முன்னதாகவே தெரிந்துவிடும்.

போகுமுன் ஒரு திட்டம்

தீவகச் சுற்றுலாவுக்கு நகரிலேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டு புறப்படுதல் வேண்டும். கையிலுள்ள எண்ணெயில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு காற்றுக்கும் எதிர்பாராத தடங்கலுக்கும் என ஒதுக்கிவைப்பது நலம். போத்தல்களில் பெற்றோலை அடைத்துப் படகில் கொண்டுசெல்வது எக்காரணத்தாலும் ஆகாது. ஒரு பொறி போதும், படகிலுள்ள அத்தனை பேரின் உயிருக்கும் ஊறு நேர.

வந்த வழியே திரும்பாமல், வேலணை வழியாக ஊர்காவற்றுறை சென்று, அங்கிருந்து பாதைப் படகில் வண்டியை ஏற்றிக் காரைநகர் சேர்ந்து, பொன்னாலைப் பாலம் வழியே யாழ்ப்பாணம் வரலாம். அக்குறுகிய கடலைப் படகு கடத்திவிடும். அதன் நடுவே போர்த்துக்கேயர் காலத்துக் கடற்கோட்டையையும் கண்குளிரக் காணலாம். படகு ஓடாத நாளில் அக்கரை காண நிலத்தால் நெடுந்தூரம் சுற்றவேண்டி வரும். ஆகையால் படகு ஓடுகிறதா என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் அவசியம். ஒரு கேள்வி ஒரு லீற்றரைக் காக்கும்.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் வண்டியைக் குறிகட்டுவானில் நிழல் பார்த்து நிறுத்திவிட்டுப் படகேறலாம். நயினாதீவை அடையக் கால் மணி நேரமளவே ஆகும். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்து காணும் தூரத்திலேயே உள்ளன. நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பவளப் பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையும், பருத்த பெருக்கு மரத்தையும், வெளிகளில் மேயும் குதிரைகளையும் ஆறுதலாகக் காண, மோட்டாரின் இரைச்சலைவிடச் சைக்கிளின் அமைதியே ஏற்றது. குதிரைகளும் வெருளமாட்டா.

நெடுந்தூரம் போக விரும்புவோர்க்குப் பெரிய தாங்கி மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். முன்னோர் பாய்க்கப்பலில் காற்றின் திசையறிந்து கடல் கடந்தனர். எஞ்சின் வந்துவிட்டமையால் காற்றை மதிக்கவேண்டியதில்லை என்று நாம் எண்ணிவிட்டோம். 1990களும் 2022ஆம் ஆண்டும் அந்த எண்ணத்தைத் திருத்தின. பஞ்ச காலத்தில் கட்டாயத்தினால் கற்ற நிதானத்தைத் தாராளமான காலத்திலும் விருப்பத்தோடு கைக்கொள்ளும் குடும்பத்துக்கு, அடுத்த பஞ்சம் பாதித் துன்பமே தரும். பிள்ளைகளுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், சாவியோடு அந்தக் குறிப்புப் புத்தகத்தையும் கொடுப்பார்களாக.